திக்குவாய்க் காவலாளி

மார்ச் 9

ஓடிப்போன மச்சானுக்கு,

நான் நலமில்லை. நீயும் நலமாக இருக்கக் கூடாது என்று விரும்பி எழுதுகிறேன்.

என் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் இறுக்கிவிட்டார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது. முன்பல் இரண்டு காவல் கோபுரத்துப் படியில் கிடக்கும், வேண்டுமானால் போய்ப் பொறுக்கிக்கொள். உன் அக்கா பாலையும் பழச்சாற்றையும் ஊசிக்குழாயில் எடுத்து என் கன்னத்து ஓரமாக விடுகிறாள். பாதி உள்ளே போகிறது, பாதி சட்டையில் வழிகிறது.

வாயை வைத்துப் பிழைக்கிறவன் நான். கோட்டை வாசலில் எத்தனை வழிகாட்டிகள் முறை போட்டு உட்கார்ந்திருந்தாலும் "ரேடியோ எங்கப்பா?" என்றுதான் பயணிகள் கேட்டு வருவார்கள். இப்போது "ரேடியோவுக்கு பேட்டரி போச்சு" என்று வழிகாட்டிகள் சங்கத்துக் கொட்டகையில் சிரிக்கிறார்களாம். விடுமுறைக் கூட்டம் வரத் தொடங்குகிற நேரம் பார்த்து அடித்திருக்கிறாய். வருஷம் முழுக்கச் சாப்பிடுவது இந்தப் பருவத்தில் பேசுகிற பேச்சில்தான் என்று என் வேனையே ஓட்டுகிற உனக்குத் தெரியாதா?

படுத்தால் அந்தக் காட்சிதான் ஓடுகிறது. மேல்தளத்தில் நாற்பது பேர். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நீ படியேறி வருகிறாய். இடது கையில் யாரோ ஒரு பாட்டியம்மாவின் மருந்துப் பை, வலது கையில் டயர் கழற்றுகிற ஸ்பானர். நான் மடையன், "வாங்க மச்சான்" என்று மைக்கிலேயே வரவேற்றேன். அடுத்தது என் பல் சிதறிய சத்தம் மைக்கில் கேட்டது. ஒரு பெண்ணின் வெள்ளை உடை முழுக்க என் ரத்தம். குழந்தைகள் அலறின. இரண்டாம் அடிக்கு ஓங்கினாய். ஏனோ அடிக்கவில்லை. மருந்துப் பையைப் பத்திரமாகச் சுவர்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாய். ஒரு மனிதனின் வாயை உடைத்துவிட்டு மருந்துப் பையை யாராவது பத்திரமாக வைப்பார்களா?

போலீஸிடம் படியில் விழுந்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னை அவர்களிடம் கொடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? கம்பி கழன்றதும் நானே வருவேன். அதே ஸ்பானரால் உன் இரண்டு கையையும் உடைப்பேன். அதுவரை என் அண்ணனுக்குத்தான் பொறுமை இல்லை. கட்டடத்துக்குக் கம்பி வளைக்கிற ஆள், அவர் கை உனக்குத் தெரியும். "ஆள் எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு" என்று தினமும் வந்து நிற்கிறார்.

உன் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நேற்று மட்டும் கேட்டாள். "நீங்க படியில விழுந்ததுக்கு என் தம்பி எதுக்குங்க ஓடிப்போனான்?" வாய் கட்டியிருந்ததால் தப்பித்தேன்.

கடற்கரை ஊருக்குப் பஸ் ஓட்டுகிற மீசை உன்னை அங்கே பார்த்திருக்கிறான். இடத்தைச் சொல்ல மாட்டேன், கடிதம் என்றால் கொண்டுபோய்த் தருகிறேன் என்றான். நீ போனையும் தூக்கி எறிந்துவிட்டாய், எனக்கும் பேச வாயில்லை. ஆகவே எழுத்தில் கேட்கிறேன். ஏன் அடித்தாய்?

உன் அக்காள் புருஷன்


மார்ச் 14

மாமாவுக்கு,

அடி வாங்கியும் காரணம் தெரியவில்லை என்றால் உங்களை என்ன சொல்வது? அக்காவின் கணவர் என்பதால் 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். மனதுக்குள் வேறு மாதிரி கூப்பிடுகிறேன்.

உங்களோடு வேன் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து நான் அந்தக் கோபுரத்தில் ஏறியதே இல்லை. வேனுக்குக் காவல் என்று கீழேயே நின்றுகொள்வேன். உண்மைக் காரணம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பின் டயர் பஞ்சர். கழற்றிக்கொண்டிருந்தபோது சீட்டில் அந்தம்மாவின் மருந்துப் பை கிடந்தது. இதய நோய்க்காரி, மேலே வெயிலில் நிற்கிறார். கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று கையில் இருந்த ஸ்பானரோடு ஏறினேன்.

பாதிப் படியில் சிரிப்புக் கேட்டது. அப்புறம் உங்கள் குரல். "எ... எ... எதி... எதி..." மாமா, அது உங்கள் குரலே இல்லை. என் அப்பாவின் குரல். மேலே வந்து பார்த்தால் தலையை இடப்பக்கம் சாய்த்து, கண்ணை இறுக மூடி, வலது காலால் தரையைத் தட்டித் தட்டி அந்த 'எ'வை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எதிரி வருவதைப் பார்த்தும் சொல்ல வாய் வராத திக்குவாய்க் காவலாளி, அவன் சொல்லி முடிப்பதற்குள் எதிரி கோட்டைக்குள் வந்துவிட்டானாம். ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இன்னொருத்தி "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்றாள். நீங்களும் இன்னொரு தடவை செய்தீர்கள்.

எந்த இடத்தில் நின்று செய்தீர்கள்? கோட்டைக் காவல் வேலை பார்த்த என் அப்பாவின் மண்டை பிளந்து கிடந்த கல் அது. கதவு சாத்திய பிறகு கோட்டைச் சிலையின் தலையை அறுத்துத் திருட வந்தவர்கள் கடப்பாரையால் அடித்தார்கள். அந்தக் கல்லை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியது நான். மூளையும் முடியும் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினேன். இறுதிச் சடங்கில் உங்கள் சங்கத்து ஆள் ஒருவன் என் காதுபடச் சொன்னான். "கத்தத் தெரியாதவனைக் காவலுக்குப் போட்டா இப்படித்தான்." அந்தச் சொல்லை நீங்கள் நாடகமாக்கி, டிக்கெட் போட்டு, நாற்பது பேருக்கு நடித்துக் காட்டியிருக்கிறீர்கள்.

அப்பாவைக் கொன்றவர்கள் இன்றுவரை அகப்படவில்லை. அவர்களுக்காகச் சேர்த்து வைத்திருந்த அடி உங்கள் வாயில் விழுந்தது. இரண்டாவது அடி அக்கா முகம் நினைவுக்கு வந்ததால் நின்றது. இல்லையென்றால் எனக்கு இந்தக் கடிதம் எழுத நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள்.

இங்கே ஒரு ஹோட்டலில் கடற்கரைக் குடைகளைப் பார்த்துக்கொள்கிறேன். விடுமுறைக்கு வந்தவர்கள் காலையிலேயே குடிக்கிறார்கள். நேற்று ஒரு குடை நிழலுக்காக இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருவன் பாட்டிலை உடைத்து மற்றவன் கன்னத்தில் கீறிவிட்டான். நான் பாட்டில்காரனை முடியைப் பிடித்து இழுத்து முகத்தை மணலில் அழுத்தினேன். அவன் கால் உதறுவது நின்ற பிறகும் அழுத்திக்கொண்டிருந்தேன். யாரோ என்னைப் பிடித்து இழுத்தார்கள். அவன் பிழைத்துக்கொண்டான், மேனேஜர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். எனக்குத்தான் என் கையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

கம்பி கழன்றதும் வாருங்கள். அக்காவை அழவிடாதீர்கள்.


மார்ச் 20

பாதியில் வந்து பாதியில் போன அவசரக்குடுக்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் குத்தினேன். கத்த முடியாதவன் வேறு என்ன செய்வான்?

கோபுரத்தில் நான் சொல்கிற கதை இரண்டு பாதி. நீ கேட்டது முன்பாதி. அந்த முன்பாதி எதற்கு என்று தெரியுமா? மேலே வருகிற கூட்டம் வெயிலில் வேர்த்து, செருப்புக் கடித்து, கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு வருகிற கூட்டம். ஒரு காவலாளி செத்தான் என்று எடுத்த எடுப்பில் சொன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். சிரிக்க வைத்து நிறுத்தினால்தான் நிற்பார்கள். சிரித்த வாய்தான் அழவும் செய்யும், இது என் தொழில்.

சிரிப்பு ஓய்கிற இடத்தில் மைக்கை அணைத்துவிடுவேன். வெறும் குரலில் சொல்வேன். கத்தி யாரையும் கூப்பிட முடியாது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. பின்பக்கம் வழி இருந்தது, ஓடியிருக்கலாம். இந்தப் படியைப் பாருங்கள், ஒரு நேரத்தில் ஒருவன்தான் ஏற முடியும். மேல்படியில் தடியோடு நின்றான். ஏறி வந்த முதல் ஆளின் தோளை உடைத்தான், இரண்டாவது ஆளைப் படியோடு உருட்டினான். அவனுக்கு வாய்தான் திக்கும், கை திக்காது. கடைசியில் மண்டை பிளந்து இந்தக் கல்லில் விழுந்தான். அவன் காத்த சிலை அன்று இந்த மேல்தளத்தில் இருந்தது, இப்போது கீழே இருக்கிறது, தலை இன்னும் அதன் கழுத்தில்தான் இருக்கிறது, போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள் என்பேன்.

அப்புறம் எல்லாரையும் ஒவ்வொருவராக வந்து அந்தக் கல்லில் கை வைக்கச் சொல்வேன். வைக்கும்போது யாரும் பேசக் கூடாது. சிரித்தவர்கள்தான் அதிகம் அழுவார்கள். பல வருஷமாகக் கை பட்டுப் பட்டு அந்தக் கல் வழவழவென்று ஆகிவிட்டது. நீ அன்று குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை? அப்பா என்ற சொல்லை எடுத்தாலே வேன் கதவை அறைந்து சாத்துகிற ஆள் நீ. உன் அக்காளோ அந்தக் கோட்டைப் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். என் கல்யாணத்தில் மாமனார் நாலு வார்த்தை வாழ்த்த எழுந்து திக்கிப்போனார். என் ஆட்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை மச்சான்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உன் கையை உடைப்பேன் என்று சொன்னது அப்படியே இருக்கிறது. எதற்காக அடித்தாயோ அது நடக்கவே இல்லை என்று தெரிந்துகொண்டு என்னிடம் அடி வாங்கு.


மார்ச் 25

மாமா,

கதை விடுவதுதானே உங்கள் தொழில். கல்லில் கை வைத்தார்களாம், அழுதார்களாம். யார் சாட்சி? கூட்டம் வந்த அன்றே பஸ் ஏறிப் போய்விடுகிறது. நான் என் காதால் கேட்டது சிரிப்பு மட்டும்தான்.

நீங்கள் சொல்வது பொய்யாக இருந்தால், அப்பாவை இரண்டாம் தடவை விற்கிறீர்கள். நிஜமாக இருந்தால், என் அப்பாவைப் பற்றி நல்லபடியாகப் பேசிய ஒரே வாயை நான் உடைத்திருக்கிறேன். அது எனக்கு வேண்டாம். அதனால் பொய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் என்னவோ ஒளிந்துகொண்டிருக்கிற மாதிரி எழுதுகிறீர்கள். வெள்ளைப் படிக்கட்டு ஹோட்டல், அதற்கு முன்னால் நீலக் குடை வரிசை. மத்தியானம் முழுக்க அங்கேதான் நிற்பேன். கம்பி கழலும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? உங்கள் அண்ணனை அனுப்புங்கள்.


மார்ச் 29, பஸ்ஸில்

மச்சான்,

குலுக்கலில் எழுத்து எப்படி வரும் என்று தெரியவில்லை. பொறுத்துப் படி.

இன்று காலை என் அண்ணன் பஸ் நிலையத்தில் மீசையை மடக்கி உன் கடிதத்தைப் பிடுங்கியிருக்கிறார். படித்துவிட்டு என் படுக்கையில் விட்டெறிந்தார். "வெள்ளைப் படி, நீலக் குடை. அவனே விலாசம் குடுத்துட்டான்" என்றார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். தலையை ஆட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "உனக்கு மனசு இளகிப்போச்சுடா, பாவம்" என்று சொல்லி என்னைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு ஆட்களோடு காரில் போய்விட்டார்.

உன் அக்கா ஹோட்டலுக்குப் போன் போட்டாள். வேலை ஆட்களையெல்லாம் கூப்பிட்டுத் தர முடியாது என்று வைத்துவிட்டார்கள். நான் வாங்கிப் பேசிப் பார்த்தேன். பல்லுக்குள்ளிருந்து மூச்சும் உறுமலும்தான் வந்தது. அந்தப் பெண் யாரோ வக்கிரம் பிடித்தவன் என்று நினைத்துத் திட்டிவிட்டு வைத்தாள். கையில் போனைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றேன். வருவது யார் என்று தெரிகிறது, எங்கே வருகிறார்கள் என்று தெரிகிறது, ஒரு சொல் வெளியே வர மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் உன் அப்பாவை நடித்திருக்கிறேன். அவருக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

கார் முன்னால் போய்விட்டது, இந்தப் பஸ் ஊர் ஊராக நிற்கிறது. மீசை முடிந்தவரை அழுத்துகிறான். உன்னை நேரில் பார்த்தாலும் என்னால் சொல்ல முடியாது. அதனால் எழுதிக் கையில் வைத்துக்கொள்கிறேன், பார்த்ததும் நீட்டுவேன். படித்துவிட்டு உடனே ஓடு. வீராப்பு வேண்டாம். என் அண்ணன் மிரட்டுகிற ஆள் இல்லை, செய்கிற ஆள்.

உன் கையை உடைப்பேன் என்று எழுதியதை அடித்துவிடு.


ஏப்ரல் 12

மாமாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருக்கும். உங்கள் கடிதம் உங்கள் கைப்பிடிக்குள்ளேயே இருந்ததாம். ரத்தம் காய்ந்து ஒட்டிப்போயிருந்ததை நர்ஸ் மெதுவாகப் பிரித்துக் கொடுத்தார். அக்கா உங்களை ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுபோன பிறகுதான் படித்தேன்.

நீங்கள் மயங்கிவிட்டதால் நடந்தது முழுக்கத் தெரிந்திருக்காது. நான் சொல்கிறேன்.

அவர்கள் வந்தபோது நான் குடை நட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து அந்த வெள்ளைப் படியில் என் முகத்தை மோதினார்கள். மூக்கு உடைந்தது. இரண்டு பேர் என்மேல் உட்கார்ந்துகொள்ள, உங்கள் அண்ணன் என் வலது கையை ஒரு படகின் விளிம்பில் இழுத்து வைத்து, கொண்டுவந்த இரும்புக் கம்பியால் அடித்தார். முதல் அடியில் விரல்கள் போயின. இரண்டாவதில் மணிக்கட்டு. சுற்றி நூறு பேர் நின்றார்கள். போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "சினிமா ஷூட்டிங்கா?" என்று ஒருவர் கேட்டது எனக்குக் கேட்டது. உங்கள் அண்ணன் என் இடது கையை இழுத்தார்.

அப்போது ஒரு சத்தம் வந்தது. மனிதன் போடுகிற சத்தம் மாதிரி இல்லை. திரும்பிப் பார்த்தால் நீங்கள், ஒற்றைச் செருப்போடு மணலில் ஓடி வருகிறீர்கள். கையில் கடிதம் இருந்தது. அதை யாரிடம் நீட்டுவது? நின்றீர்கள். வாய்க்குள் கம்பி இறுகுவது கன்னத்தில் தெரிந்தது. "வி... வி... விடு" என்றீர்கள். கம்பி அறுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நெஞ்சு முழுக்க ரத்தம். "அண்... அண்ணா... வி..." என்றீர்கள். தாடை தொங்கிவிட்டது, அப்படியும் நிறுத்தவில்லை. தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கண் இறுக மூடியிருந்தது. வலது காலால் மணலைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கு நடித்தீர்கள். இது நடிப்பு இல்லை.

உங்கள் அண்ணன் கையிலிருந்து இரும்புக் கம்பி விழுந்தது. நீங்கள் என்மேல் வந்து விழுந்தீர்கள்.

என் விரல் மூன்று இனி மடங்காது. வேன் ஓட்ட முடியாது. அதற்கு நான் அழவில்லை. போலீஸ் வந்தது. படியில் விழுந்தேன் என்று சொல்லிவிட்டேன், அவர்கள் நம்பவில்லை, ஆனாலும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் தடவை உங்கள் வாயை உடைத்தது நான். இரண்டாம் தடவை நீங்களே எனக்காக உடைத்துக்கொண்டீர்கள். இனி அது நேராகச் சேராது என்று டாக்டர் சொன்னதாக அக்கா அழுதாள். எனக்கு அந்த மறுபாதியைக் கேட்க வேண்டும் மாமா. நம்புகிறேன். நம்பிய பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லாமல் செய்துவிட்டேனே என்றுதான் தூக்கம் வரவில்லை.


ஜூன் 2

என் மச்சானுக்கு,

தாடை இனி கோணல்தான். நாக்கை ஒரு பக்கம் அனுப்பினால் அது இன்னொரு பக்கம் போகிறது. தண்ணீர் கேட்டால்கூட உன் அக்கா இரண்டு தடவை கேட்டுத்தான் கொடுக்கிறாள். அண்ணன் வாரம் ஒரு தடவை வந்து வாசலிலேயே நின்றுவிட்டுப் போகிறார். உள்ளே வா என்று நான் இன்னும் சொல்லவில்லை.

நேற்று கோட்டைக்குப் போனேன். போக வேண்டாம் என்று மல்லுக்கட்டிய உன் அக்கா, கடைசியில் தானும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா போன பிறகு அவள் அந்தப் படியில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. என் முறை வந்தது. நான் பேசியதைக் கேட்டதும் பாதிப் பேர் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு ஏறினேன்.

முன்பாதியைத் தொடங்கினேன். நடிக்க வேண்டிய வேலையே இல்லை. "எ... எ... எதி..." என்று நின்றுவிட்டேன். வழக்கமாகச் சிரிப்பு வருகிற இடம் அது. யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வராமல் மறுபாதிக்கு எப்படிப் போவது? இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு வேறு வழி தெரியாது.

கூட்டத்தில் கைத்தடி ஊன்றிய ஒரு வயதான அம்மா இருந்தார். "அவசரமில்லப்பா. நிதானமா சொல்லுங்க, நாங்க நிக்கிறோம்" என்றார்.

நின்றார்கள் மச்சான். உச்சி வெயிலில் நின்றார்கள். கழிப்பறை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் வருகிறவரை காத்திருந்தார்கள். உன் அப்பாவுக்காக அவர் வாழ்நாளில் யாரும் இப்படி நின்றதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எத்தனை தடவை அவர் முடிப்பதற்குள் நானே முந்திக்கொண்டு சொல்லி முடித்திருக்கிறேன்.

சொல்லி முடித்ததும் முதலில் வந்து கல்லில் கை வைத்தது உன் அக்கா. எடுக்கவே இல்லை. மற்றவர்கள் அவள் கையைச் சுற்றித் தங்கள் கையை வைத்துக்கொண்டார்கள்.

மீசையிடம் சொல்லியிருக்கிறேன், உனக்கு முன்சீட் வைத்திருப்பான். கோட்டை வாசலில் இறங்கு. இந்தத் தடவை கீழே நிற்காதே, கூட்டத்தோடு ஏறி வந்து முதலிலிருந்து கேள். உன் விரல்கள் மடங்காது என்று எழுதியிருந்தாய். கல்லில் வைப்பதற்கு விரல் மடங்க வேண்டியதில்லை.